விலை இறங்கியது காருக்குத்தான், பாகங்களுக்கு அல்ல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் கோவைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நடுத்தரக் குடும்பம் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய சொகுசு செடான் வாங்குவது சாமர்த்தியமா, வம்பை விலைக்கு வாங்குவதா?" இதுதான் தலைப்பு. வம்புதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கணக்குச் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆன்-ரோடு 50 லட்சம் போன மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் இன்றைக்கு 10 லட்சத்துக்குக் கிடைக்கிறது, மீதி 40 லட்சத்தை முதல் ஓனர் நமக்காகக் கட்டிவிட்டுப் போய்விட்டார் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கணக்கில் தப்பில்லை தம்பி. ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். வயதானதும் காருக்கு விலை இறங்குகிறது. அதன் ஹெட்லைட்டுக்கு இறங்குகிறதா? கியர்பாக்ஸுக்கு இறங்குகிறதா? வாங்கியவர் கையில் இருப்பது 10 லட்ச ரூபாய் கார். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் அது 50 லட்ச ரூபாய் கார்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன், திருப்பூரில் சின்னதாக பனியன் யூனிட் வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் செடான் வாங்கினார். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு மூலையிலும் காற்றடைத்த ரப்பர் பை. மேடு பள்ளமே தெரியாது, அவ்வளவு சுகம். ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டியின் இடது முன்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. டயருக்கும் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. ரப்பரில் வெடிப்பு விழுந்து மெதுவாகக் காற்று கசிந்திருக்கிறது. கசிந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடி ஓடி அதுவும் சூடேறிப் போய்விட்டது. ஒரு ரப்பரில் ஆரம்பித்தது இரண்டு பில்லாக வந்து நின்றது. கம்பெனியில் புதிது போட்டால் ஒரு பக்கத்துக்கே லட்சத்தை ஒட்டிச் சொன்னார்கள். வெளி மெக்கானிக்கிடம் விட்டார், பாகம் வரும்வரை வண்டி அங்கேயே நின்றது. மகனைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு கால் டாக்ஸியில்தான் அழைத்துப் போனார். அந்த மாதமும் கார் லோன் தவணை தேதி தவறாமல் பிடிக்கப்பட்டது. பழைய காருக்கான லோன் என்பதால் வட்டியும் புதுக் காரைவிடக் கூடுதல்.

எதிரணித் தலைவர் உடனே கேட்பார்: "பிஎம்டபிள்யூ நம் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் தயாராகிறதே, பாகத்துக்கு என்ன பஞ்சம்?" 2007-ல் அந்த ஆலை திறந்ததும், 3 சீரிஸ், 5 சீரிஸ் அங்கே உருவானதும் நமக்கெல்லாம் பெருமைதான் ஐயா. ஆனால் அன்றைக்கு அங்கே நடந்தது முக்கியமாக வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலை. அந்த வருடங்களின் 320டி, 520டி வண்டிகளில் இருந்த என்47 டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, எஞ்சினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் போட்டால், அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும். அறுந்துவிட்டால் எஞ்சினே போச்சு. இது போதாதென்று அந்த வண்டிகளுக்கு ஆர்சியின் 15 வருடமும் முடிகிறது. எஃப்சி காட்டி, 5,000 ரூபாய் கட்டணம் கட்டி, பசுமை வரியும் கட்டிப் புதுப்பித்தாலும் ஐந்து வருடத்துக்குத்தான். பத்து வருட வண்டி என்று வாங்குகிறவர் இந்தத் தேதியை ஆர்சியில் பார்த்தாரா?

அடுத்தது இன்சூரன்ஸ். எதிரணியில் ஒருவர்கூட இதைத் தொடவில்லை, எனக்கு அதில்தான் ஆதங்கம். ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு ஐடிவி, அதாவது காப்பீட்டு மதிப்பு, நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. 10 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு அதை ஒட்டித்தான் போடுவார்கள். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் பாலிசி இந்த வயது வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அப்படியென்றால் பாகம் மாற்றும்போது தேய்மானம் நம் தலையில். பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிப் பணம் நாம் கட்ட வேண்டும். கார் பத்து வயதைத் தாண்டியிருந்தால் பானெட், ஃபெண்டர் போன்ற உலோக பாகங்களுக்கும் அதே 50 சதவீதம்தான். அவிநாசி சாலையில் முன்னால் போகும் லாரி சடன் பிரேக் போட்டு நீங்கள் முட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாகங்களுக்கு மட்டும் 5 லட்சம் பில் வந்தால் இரண்டரை லட்சத்தை ஒட்டி உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். ஏர்பேக் வெடித்து பில் ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். புதுக் காராக இருந்தால் சரிசெய்து வீட்டுக்கு வந்துவிடும் அதே அடிக்கு, உங்கள் வண்டி ஸ்க்ராப் ஏலத்துக்குப் போகும். காரின் மதிப்பு பழையது, பாகத்தின் விலை புதியது என்பதால் வரும் வினை இது.

எதிரணிச் சகோதரி பாதுகாப்பைப் பற்றி மனம் உருகிப் பேசினார்கள். கனமான பாடி, வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்பி, சுற்றிலும் ஏர்பேக், குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார்கள். அந்த அக்கறையை நான் வணங்குகிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் பேசியிருந்தால் ஒப்புக்கொண்டும் இருப்பேன். இன்றைக்கு மாருதி டிசையரிலேயே ஆறு ஏர்பேக்கும் ஈஎஸ்பியும் எல்லா மாடலிலும் வருகின்றன. 2024-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி அது. அதுவும் செடான்தானே அம்மா? இன்னொன்றும் சொல்கிறேன். பாதுகாப்பு டயரிலும் பிரேக்கிலும்தான் தொடங்குகிறது. பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் ஒன்றே பதினைந்தாயிரத்துக்கு மேல் போகும்போது, கையில் காசில்லாதவர் என்ன செய்வார்? செகண்ட் ஹேண்ட் டயர் போடுவார். டேஷ்போர்டில் எரியும் ஏர்பேக் விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டெல்லி வண்டி மலிவு என்றார் தம்பி. ஏன் மலிவு? 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பயத்தில் தள்ளிவிடும் வண்டிகள் தெற்கே வந்தன. என்ஓசி, மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி எல்லாம் சேர்த்தால் மலிவு எவ்வளவு மிஞ்சும்?

சென்னை வண்டியிலும் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய சொகுசு கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பட்டையில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்குக் கீழே இருக்கும் போல்ட்டில் துரு இருக்கும். இந்தக் கார்களில் தரைவிரிப்புக்குக் கீழேயும் வயர்களும் கன்ட்ரோல் யூனிட்களும் இருக்கின்றன. அதற்குள் போன ஈரம் ஆறு மாதம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். உழைத்துச் சம்பாதித்தவர் ஒரு நல்ல காரில் உட்கார வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? காரின் விலை போக மூன்று நான்கு லட்சத்தைப் பழுதுக்கென்றே தனியாக வைக்க முடிந்தவர், வீட்டில் இன்னொரு வண்டி உள்ளவர் வாங்கட்டும், ரசித்து ஓட்டட்டும். நம் தலைப்பு அவரைப் பற்றியது அல்ல. இருக்கிற சேமிப்பை வழித்து, லோனும் போட்டு, வீட்டின் ஒரே காராக இதை வாங்கப் போகிறவருக்காகத்தான் நான் பேசுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து சத்தம் கேளுங்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு, கிலோமீட்டர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சஸ்பென்ஷன், ஹெட்லைட், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் செலவு, மூன்றுக்கும் விலை எழுதி வாங்கி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இதற்கெல்லாம் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.