வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பயற்றங்கொடி கொஞ்சம் வெளுத்தாலே யூரியாவைத் தேடுகிறோம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில், வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் வேரைப் பாருங்கள்.

விதைத்து ஐந்து வாரமான, பூக்கத் தொடங்கும் செடி ஒன்று போதும். பிடித்து இழுக்காதீர்கள், முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு சாண் தள்ளித் தோண்டி, மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரின் பக்கவாட்டில் மிளகு போல உருண்டைகள் ஒட்டியிருக்கும், அவைதான் முடிச்சுகள். நகத்தால் கீறுங்கள். உள்ளே இரத்தம் போன்ற சிவப்பு தெரிந்தால், ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது. 1888-இல் டச்சு அறிவியலாளர் பெய்ஜெரிங்க் முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தது இந்தக் கூட்டத்துப் பாக்டீரியாவைத்தான். வெள்ளையென்றால் இன்னும் முதிரவில்லை, அல்லது பயனில்லாத வகை. பச்சை, பழுப்பென்றால் அதன் காலம் முடிந்தது. வேரே வீங்கி, தேய்த்தாலும் உதிராவிட்டால் அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. அந்த வீக்கத்தை முடிச்சென்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள்.

முடிச்சே இல்லையா? பெரும்பாலும் மண்ணின் புளிப்புதான் காரணம். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும். மாலிப்டினம் என்ற நுண்சத்தும் சரியாகக் கிடைக்காது, அது இல்லாமல் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி உருவாகாது. விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 150 கிராம் சுண்ணாம்புக்கல் தூளைக் கொத்திக் கலந்துவிடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். பாறைப் பாஸ்பேட்டும் கொஞ்சம் அடியில் இடுங்கள்.

யூரியாவை அள்ளிப் போட்டால், செடி முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைப்பதை நாமே காசு கொடுத்து நிறுத்துகிறோம்.

பயற்றங்காய்க்குப் பெரும்பாலும் விதையில் பூசும் பாக்டீரியாப் பொடி தேவையில்லை. இளஞ்செம்பனைக்கு நடுவே படரும் பியூரேரியா கொடிக்கும் அதே கூட்டத்துப் பாக்டீரியாதான், நம் மண்ணில் அது நிறைய உண்டு. சோயாவுக்குத் தனி வகை வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 20 கிராம் பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள். பூஞ்சைக்கொல்லி தடவிய சாய விதையில் பூசினால் பாக்டீரியா செத்துவிடும். பொடிப் பொட்டலத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் அதே கதிதான்.

காய் ஓய்ந்ததும் கொடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, தண்டையும் இலையையும் அதே பாத்தியில் புதைத்துவிடுங்கள். நைட்ரஜனில் பெரும்பங்கு வேரில் இல்லை, இலையிலும் காயிலும்தான் இருக்கிறது. கொடியை எரித்தால் அது புகையோடு போய்விடும். மூன்று வாரம் மட்கவிட்டு, அதே பாத்தியில் கீரை விதையுங்கள்.