நெல் வயலில் நெருக்கமும் தழைச்சத்தும்: ஒரு சதுர மீட்டர் கணக்கு

[காட்சி: முற்றிய நெல் வயலில், ஒரு மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட மரச்சட்டம்]

வணக்கம். இந்தச் சட்டத்துக்குள் இருக்கும் பயிரை வைத்தே வயலின் விளைச்சலைக் கணக்கிட்டுவிடலாம். கதிர்கள் எத்தனை, ஒரு கதிரில் மணிகள் எத்தனை, அவற்றில் பதராகாமல் முற்றியவை எத்தனை, ஆயிரம் மணிகளின் எடை என்ன என்ற நான்கும் தெரிந்தால் போதும். 300 கதிர்கள், கதிருக்கு 100 மணிகள், 80 விழுக்காடு முற்றியவை, ஆயிரம் மணிகளுக்கு 25 கிராம் என்று கொண்டால், சட்டத்துக்குள் 600 கிராம் நெல் இருக்கிறது. அதாவது எக்டருக்கு 6 டன்.

விதையைக் கூட்டிப் போட்டு, கதிர்களை 450 ஆக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். விளைச்சலும் ஒன்றரை மடங்காகும் என்றே தோன்றும். ஆனால் நெருக்கத்தில் கதிர் சிறுத்து, மணிகள் 65 ஆகவும் முற்றியவை 75 விழுக்காடாகவும் குறைந்தால், கிடைப்பது ஏறத்தாழ 5.5 டன்தான். மணியின் எடை கூடி இந்த இழப்பை ஈடுகட்டாது. உமிக்கூட்டின் அளவுக்கு மேல் அரிசி பருக்க இடமில்லை.

[காட்சி: இரண்டு இடைவெளிகளில் நடப்பட்ட குத்துகள்]

அப்படியானால் கலக்க, அதாவது இடைவெளி விட்டு, நடுவதே நல்லதா? அதுவும் பயிரைப் பொறுத்தது. 20க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்துகள், அதாவது நாற்று ஊன்றிய இடங்கள். 25க்கு 25 என்றால் 16 மட்டுமே. முன்னதில் குத்துக்கு ஆறு கதிர்கள் வந்தாலே 300 ஆகிவிடும். பின்னதில் ஒவ்வொரு குத்தும் பத்தொன்பது கதிர்களை ஈன வேண்டும். இளம் நாற்றும் வளமான மண்ணும் இருந்தால் அது கைகூடும். குறுகிய கால ரகத்தையோ வயது முதிர்ந்த நாற்றையோ அவ்வளவு கலக்க நட்டால், தூர் கட்டி (பக்கத் தண்டுகள் விட்டு) முடிக்கப் பயிருக்கு நாள் போதாது. வெற்றிடத்தைக் களை பிடித்துக்கொள்ளும்.

உரக் கணக்கு இந்த இடத்தில்தான் நெருக்கத்தோடு பிணைகிறது. ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்கிறது; அதில் ஒரு பங்கை மண்ணே தந்துவிடும். ஏற்கெனவே நெருங்கி நிற்கும் பயிருக்கு தழைச்சத்து தரும் யூரியாவை அளவுக்கு மீறி இட்டால், இலைகள் ஒன்றையொன்று மறைத்து, தண்டு வெளிச்சம் தேடி மெலிந்து நீண்டு, காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடுகிறது. அடிப்பகுதியில் தங்கும் ஈரம் இலையுறைக் கருகல் நோய்க்கும் புகையான் பூச்சிக்கும் வாய்ப்பாகிறது. ஆகவே, கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் வயலைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுதி. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) குறைவாக இருந்தால், தழைச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்கேற்ற பலன் வராது.

தேங்கிய நீரின் மேல் தூவிய யூரியாவில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. ஆகவே மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல், தூர் கட்டும்போதும், தண்டுக்குள் இளங்கதிர் உருவாகிப் பஞ்சு கட்டும்போதும் பிரித்து இடுவதே சரி.

[காட்சி: நெடுக்காகக் கீறிய தண்டு, மிக அருகில்]

பஞ்சு கட்டும் பருவத்தை நாள் எண்ணி மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு தாய்த்தூரை, அதாவது குத்தின் முதன்மைத் தண்டை, பிடுங்கி, தண்டின் அடியைக் கத்தியால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் வெண்பஞ்சு போன்ற சிறு கூம்பு தெரிந்தால், கதிரில் எத்தனை மணிகள் என்பது அந்நாட்களில்தான் முடிவாகிக்கொண்டிருக்கிறது; இலை வெளிறியிருந்தால் மேலுரம் இட அதுவே தருணம். கூம்பு தெரியாவிட்டால், இரண்டு மூன்று நாள் கழித்து வேறொரு தூரைக் கீறிப் பாருங்கள்.