ஏலக்கரையில் ஒரு மணிச்சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நற்செய்திப் பணி எப்படி நடக்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டங்களை நடத்துகிறவர்களில் ஒருத்தி. இறையியல் படித்தவள் இல்லை. அதனால் கோவிலுக்குள் நடப்பதைச் சாமியார்களிடம் விட்டுவிட்டு, வெளியே நடப்பதைச் சொல்கிறேன்.

வெளியே என்றால், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விடிகாலையில் மீன் ஏலம் போடும் இடம். டீக்கடை பெஞ்சு. வலை பின்னுகிற கொட்டகை. தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருக்கும் தெருமுனை. கடல்பாசி எடுக்கப் போன பெண்கள் விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி கரையேறும் இடம். ஊர்ச் செய்தி முதலில் வருவது இங்கேதான். யார் படகு பிடிபட்டது, யார் வீட்டில் சாவு, யாருக்கு வட்டி கட்ட முடியவில்லை, எல்லாம் இங்கே தெரிந்த பிறகுதான் பங்குத்தந்தைக்கே தெரியும்.

இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போனவர்களில் பழையவர் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு பிரான்சிஸ் சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளிக்கும் கடற்கரைக்கு, வந்தார். அவருக்கு முன்பே, 1530-களில், இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் பெருங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவர் தமிழ் தெரிந்தவர்களைப் பிடித்து செபங்களைத் தமிழில் எழுதி வாங்கினார், மனப்பாடம் செய்தார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். எல்லோரும் அந்த மணியைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. நோயாளி வீடுகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தபோது, தான் போக முடியாத இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பினார். பாயில் கிடக்கிற பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொன்னது பத்து வயசுப் பயல். அந்த வீட்டுக்காரர்களுக்கு அவன் அந்நியன் இல்லையே!

ஆனால் சில ஆண்டுகளிலேயே நடந்த இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை. அங்கே போர்த்துகீசியப் படைத்தலைவன் ஒருவன் இராமேஸ்வரம் போகும் வழியை மறித்து அகழி வெட்டி, யாத்திரிகர்களிடம் காசு கேட்டான். கோபம் எங்கே போகும்? 1549-இல் வடுகர் படை, அதாவது தெலுங்கு பேசும் வீரர்களின் படை, வந்தது. போர்த்துகீசியர்கள் கப்பலுக்கு ஓடினார்கள். மக்களைக் கப்பலேற்றுவதற்காகக் கரையில் நின்ற இத்தாலியக் குரு அந்தோனியோ கிரிமினாலி குத்திக் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று அவரைக் கொண்டாடுகிறோம், சரி. அந்தச் சாவுக்குக் காரணமான அகழியைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அடுத்தவன் தன் சாமியைப் பார்க்கப் போகிற பாதையில் நின்று கைநீட்டிய பிறகு, நாம் என்ன நற்செய்தி சொன்னாலும் யார் காதில் ஏறும்?

இன்றைய அகழி ஒலிபெருக்கிதான் என்பது என் எண்ணம். ஏலம் கூறுகிற நேரத்தில் வேனை நிறுத்தி மைக்கில் பிரசங்கம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன்காரம்மா விலையைக் கேட்பாளா, இரட்சிப்பைக் கேட்பாளா? ஆஸ்பத்திரி வார்டில் வலியோடு கிடப்பவர் தலைமாட்டில் துண்டுப்பிரசுரம் வைத்துவிட்டு வருவதும் எனக்கு ஒப்பாது. எழுந்து போக முடியாத ஆளிடம் பேசுவதில் என்ன நியாயம்?

நம் தீவிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அப்துல் கலாம் தம் உரைகளில் திரும்பத் திரும்பச் சொன்னது: பள்ளிவாசல் இமாமான அவருடைய அப்பா ஜெயினுலாப்தீன், இராமேஸ்வரம் கோவில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரி, போடல் பாதிரியார், மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. ஆனால் பாதிரியார் எப்படிப்பட்ட மனுஷன் என்று தீவு முழுக்கத் தெரிந்திருந்தது.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவும் அப்படித்தான். நம்புதாளை சீனிக்குப்பன் படையாட்சி கட்டியதாகச் சொல்லப்படும் கோவில் அது. குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வருஷத்தில் இரண்டு நாள் தமிழ்நாடு, இலங்கை என இரு கரை மீனவர்களும் கூடுவார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. அதற்கு நடுவே வலை அறுபட்ட வழக்கும் பேசுவார்கள், பெண் எடுத்த உறவையும் விசாரிப்பார்கள். 2024-இல் நம் படகோட்டிகளுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து நம் பக்கத்து மீனவர்கள் போகாமல் இருந்தார்கள். பக்தி குறைந்துவிட்டதாகச் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரையொருவர் பார்க்கிற இடம் என்பதால்தானே, போகாமல் இருந்ததற்கும் ஒரு கனம் இருந்தது?

அப்புறம், எங்கள் அன்பியத்தில் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலைக்கொட்டகை நிரம்பியிருக்கும். நிவாரணத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023-இல் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். அதை வாங்க அட்டை, பாஸ்புக், ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் அந்தோணி, இன்னொன்றில் அந்தோனி என்றிருந்தால் அலைச்சல்தான். நாங்கள் இரண்டு மூன்று பேர் கொட்டகையில் உட்கார்ந்து இதைச் சரிபார்த்து எழுதிக் கொடுக்கிறோம். முனியசாமிக்கும் எழுதுகிறோம், அப்துல் காதருக்கும் எழுதுகிறோம். "டீச்சர், நீங்க ஏன் இதச் செய்றீங்க?" என்று யாராவது கேட்டால், ஏன் என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடம் அடுத்த பாஸ்புக்கை வாங்குகிறேன்.

பாஸ்புக் கொண்டுவருகிறவர்கள் முதல் பக்கம் தெளிவாகத் தெரிகிற நகலாக எடுத்து வாருங்கள், கண்ணாடி போட்டும் எனக்குச் சில நகல்கள் தெரிவதில்லை. நன்றி, வணக்கம்.