பச்சைக் கண்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ரேடியோ, ரிக்கார்டு பிளேயர் இவற்றின் அழகைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். கண்ணால் பார்க்க வேண்டிய சமாச்சாரத்தைக் காதுக்கு எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் முப்பது வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில் வந்துவிட்டேன்.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பெரிய ரேடியோ தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டில்தான் இருந்தது. சாயங்காலம் இஞ்சின் ஓடி கரண்டு வந்ததும் பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. உள்ளே பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வு சூடேற வேண்டும். முதலில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். பிறகு பெட்டியின் நெற்றியில் பச்சையாக ஒரு கண் மெல்ல விழிக்கும். அதற்கப்புறம்தான் குரல். அந்த அரை நிமிஷத்துக்காகவே நான் ஓடி வருவேன்.

அந்தக் கண்ணுக்கு 'மேஜிக் ஐ' என்று பெயர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு வால்வுதான். எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பூச்சு, அதன் நடுவே விசிறி மாதிரி ஒரு நிழல். ஸ்டேஷன் சரியாகப் பிடிபடப் பிடிபட நிழல் ஒடுங்கும். சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ், ஏறி இறங்கும்போது கண்ணும் சுருங்கி விரியும். சரஸ்வதி பூஜை அன்று கிராணி வீட்டம்மா பெட்டிக்குச் சந்தனம் பூசி, அந்தக் கண்ணுக்கு நேர் மேலே குங்குமம் வைப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பாகத் தோன்றவே இல்லை.

பிறகு ஸ்டேஷன் காட்டும் அந்தக் கண்ணாடி. லண்டன், ஹில்வெர்சம், பெரோமுன்ஸ்டர் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக நிற்கும். தொழிலுக்கு வந்த புதிதில், பாசி பிடித்த ஒரு கண்ணாடியைக் கழற்றி, பின்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் பாதி ஐரோப்பா துணியில் இருந்தது. எழுத்தைக் கண்ணாடியின் பின்பக்கம்தான் அச்சடிக்கிறார்கள். அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெட்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என்னைக் கேட்டால், இந்தச் சாமான்களில் அழகுக்கென்று தனியாக ஒட்டிய பித்தளைப் பட்டை எல்லாம் இரண்டாம் பட்சம். வேலை செய்வது கண்ணுக்குத் தெரிகிறதே, அதுதான் அழகு. ரிக்கார்டு பிளேயர் சில மாடல்களில் தட்டின் ஓரத்தில் புள்ளிகள் இருக்கும். பக்கத்தில் சின்ன நியான் விளக்கு. நம் நாட்டுக் கரண்டு நொடிக்கு 50 சைக்கிள், ஒரு சைக்கிளுக்கு இரண்டு தடவை என்று விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால்... இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றினால் 180 புள்ளியும் அப்படியே அசையாமல் நிற்கும். தட்டு சுற்றுகிறது, புள்ளி நிற்கிறது. இன்றைக்கும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

1956-இல் ஜெர்மனியின் பிரவுன் கம்பெனி எஸ்.கே.4 என்று ரேடியோவும் ரிக்கார்டு பிளேயரும் சேர்ந்த ஒரு பெட்டி கொண்டுவந்தது. வரைந்தவர்கள் ஹான்ஸ் குகெலோட், டீட்டர் ராம்ஸ். வெள்ளை உடம்பு, இரண்டு பக்கமும் மரம், மேலே ஒளி ஊடுருவும் மூடி. 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் ஊரில் உள்ள பிளேயருக்கெல்லாம் அதே மாதிரி மூடி! எழுபதுகளின் மராண்ட்ஸ் ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி, இன்னொரு ரகம். நீல வெளிச்சம், படுக்கை வாட்டில் ஒரு கனமான சக்கரம். விரலால் ஒரு தட்டு தட்டினால் ஸ்டேஷன் காட்டும் முள் தானாக வழுக்கிக்கொண்டு போகும்.

போன மாதம் ஒரு தம்பி தாத்தாவின் வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பல்லி முட்டை, ஓரத்தில் மரப்பூச்சு உரிந்திருந்தது. "அங்கிள், உள்ளே இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு ப்ளூடூத் வச்சுக் குடுங்க" என்றார். எதையும் எடுக்க வேண்டாம் தம்பி, பின்னால் பிளேயர் மாட்டுகிற துளை இருக்கிறது, ப்ளூடூத்தை அதிலேயே மாட்டலாம் என்று சொல்லி, கெட்டுப்போன கண்டென்சர்களை மாற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "பாட்டு நல்லா வருது, அங்கிள். ஆனா அந்தப் பச்சைக் கண்ணு அசையவே மாட்டேங்குது."

அசையாது. அது ரேடியோ ஸ்டேஷனின் அலைக்கு மட்டும்தான் அசையும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், கொல்லையில் ரம்புத்தான் மரத்துக்கு ஒரு ஏரியல் கம்பி இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். இருட்டினதும் சிற்றலைக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.