சேசானுக்கு எந்த ஈஸ்ட்? நம்ம சிங்கப்பூர் வெக்கைக்கு ஒரு கணக்கு

வணக்கம். வீட்டுலயே பியர் செய்யறவங்க இந்த மூணு பாக்கெட்டையும் பாருங்க. பெல் சேசான், பிஇ-134, ஃபார்ம்ஹவுஸ். மூணுமே காய்ஞ்ச ஈஸ்ட், மூணுமே பெல்ஜியம் பண்ணை பியரான சேசானுக்கு உள்ளதுதான். ஆனா ஒண்ணுக்குச் செய்யற மாதிரியே இன்னொண்ணுக்கும் செஞ்சா பாட்டில் வெடிக்கும்.

கிராம்பு வாசமா, மிளகு வாசமான்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல கேக்க வேண்டியது, இது டயஸ்டாட்டிகஸ் வகையா? பெல் சேசானும் பிஇ-134உம் அந்த வகை. மத்த ஈஸ்ட் தொடாம விடுற மாவுச்சத்துத் துண்டான டெக்ஸ்ட்ரினையும் இது நொதியால வெட்டி, சர்க்கரையாக்கித் தின்னுடும். பியரோட அடர்த்தி (தண்ணிக்கு 1.000) 1.002 வரைக்கும்கூட இறங்கும். சேசானுக்கு வேண்டிய அந்த வறட்டுத்தன்மை அதுல நல்லா வரும். ஆனா கடைசிப் பகுதியை ரொம்ப மெதுவாத்தான் தின்னும். அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.006 காட்டுதுன்னு அவசரமா பாட்டில்ல அடைச்சீங்க, உள்ளுக்குள்ள இன்னும் 4 புள்ளி, அதாவது 1.002க்கு, இறங்கும். 2 புள்ளி இறங்கினா, பியர் எவ்வளவு இருக்கோ கிட்டத்தட்ட அதே அளவு வாயு உண்டாகும். அப்ப 4 புள்ளிக்கு? அடைக்கறப்ப நீங்க போட்ட சர்க்கரையோட வாயு வேற இருக்கு. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

அதனால ஒரு வாரம் இடைவெளியில ரெண்டு தடவை அளந்து, ரெண்டுலயும் ஒரே எண் வந்தாதான் அடைக்கணும். பாட்டில் தடியா இருக்கணும். குழாய், பிளாஸ்டிக் வாளி எல்லாம் இதுக்குன்னே தனியா வைங்க. கீறல்ல ஒட்டிக்கிட்டு அடுத்த பியரையும் கெடுக்கும். இந்தத் தொல்லையே வேணாம்னா ஃபார்ம்ஹவுஸ். அது டயஸ்டாட்டிகஸ் இல்ல. எச்டிபி அடுக்குமாடி வீட்டுல முதல் தடவை செய்யறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான்.

பெல்ஜியத்து டூபோன் பியர் ஆலையோட ஈஸ்ட்னு சொல்ற திரவ ஈஸ்ட், வையீஸ்ட் 3724, சுவையில ராஜா. ஆனா 1.035 பக்கத்துல வந்து படுத்துக்கும். அதுக்கு 32 டிகிரிக்கு மேல சூடு வேணும். நம்ம ஊர்ல அது சிரமமே இல்ல! வாயுவை மட்டும் வெளிய விடுற மூடியான ஏர்லாக்கை எடுத்துட்டு, அலுமினியத் தாளை லேசா மூடி விட்டாலும் சிலசமயம் எழுந்துக்கும். அனுப்புறப்ப வெக்கையில செத்துப்போகும், ஐஸோட வாங்குங்க.

20 லிட்டருக்கு பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டிக் காயவச்ச பார்லி) 4 கிலோ, கோதுமை மால்ட் அரை கிலோ, சர்க்கரை 300 கிராம். மால்ட்டை 65 டிகிரியில ஒரு மணி நேரம் ஊறவைங்க. தொடக்க அடர்த்தி 1.054 பக்கத்துல வரும். குழாய்த் தண்ணியில குளோரமைன் இருக்கு, கொதிக்கவச்சாலும் முழுசா போகாது. அதை நீக்குற கேம்டன் மாத்திரை கால் துண்டு போதும். போடாம விட்டா மருந்து நாத்தம் அடிக்கும்.

மால்ட் சாறை வடிச்சுக் கொதிக்கவச்சதும், அதை ஆறவைக்கக் குழாய்த் தண்ணி மட்டும் பத்தாது, அதுவே 28 டிகிரி. ஐஸ் போட்டு 22க்குக் கொண்டுவந்து, ஈஸ்ட் 11 கிராம் தூவுங்க. 30 டிகிரியில ஆரம்பிச்சா தலையைப் பிடிக்கிற காட்டமான ஆல்கஹால் வரும். முதல் ரெண்டு நாள் தண்ணித் தொட்டியில ஐஸ் பாட்டிலோட நிறுத்தி, அப்புறம் வெளிய எடுத்து வீட்டுச் சூட்டுக்கே விட்டுடுங்க. எடுத்த உடனே தொட்டித் தண்ணியைக் கொட்டிடணும், கொசு முட்டை போட்டா அபராதம்!

வீட்டுக்கு மாசம் 30 லிட்டர், அதுவும் விக்கக்கூடாது, இங்க சட்டம் அப்படி. ஆக 20 லிட்டர் ஒரு தடவை செஞ்சா அந்த மாசத்துக்கு மிச்சம் 10 லிட்டர்தான். அடைக்கறப்ப 20 லிட்டருக்கு 180 கிராம் சர்க்கரை, ரெண்டு வாரம் வெளிய வச்சுட்டு ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க.