ஓடி முடித்ததும் டிரோபோனின் ஏன் ஏறுகிறது?

[காட்சி: காரைக்குடி, விடியற்காலை. அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி மைதானத்தைச் சுற்றி ஓடும் கால்கள்.]

வணக்கம். ஒருவர் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை ஓடி முடிக்கிறார். மூன்று, நான்கு மணி நேரம் கழித்து அவருடைய ரத்தத்தைச் சோதித்தால், டிரோபோனின் என்ற இதயத் தசைப் புரதத்தின் அளவு இயல்பு வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். மாரத்தான் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படித்தான். மாரடைப்பா என்று பார்க்க மருத்துவமனையில் தேடுவதும் இதே டிரோபோனினைத்தான். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு அடிவயிறு கலங்கத்தானே செய்யும்?

[வரைபடம்: இதயத் தசைச் செல். இழைகளோடு ஒட்டியும், தனியே மிதந்தும் டிரோபோனின்.]

இதயத் தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்தும் புரதம் இது. பெரும்பகுதி தசை இழைகளோடு பிணைந்திருக்கும். மிகச் சிறிய பங்கு மட்டும் செல்லுக்குள் தனியே மிதக்கும். கடும் உழைப்பில் செல்லின் உறை கொஞ்ச நேரம் கசிந்து, அந்த மிதக்கும் பங்கு வெளியே வருகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கம். மாரடைப்பில் கதை வேறு. ரத்தம் கிடைக்காமல் செல்லே செத்துப்போகிறது. இழைகளில் பிணைந்திருந்ததும் சிதைந்து நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

[வரைபடம்: இரண்டு கோடுகள்.]

ஓடியவரின் கோடு சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு, ஓரிரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் இறங்கிவிடும். மாரடைப்பில் அது ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. சில மணி நேர இடைவெளியில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், இசிஜி பார்ப்பார்கள், நெஞ்சுவலி உண்டா என்று கேட்பார்கள்.

[காட்சி: குன்றக்குடி மலையடிவாரம், காவடிகள்.]

சரி, இது ஓட்டக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். நாள்கணக்கான நடை, அதில் வயதானவர்களும் உண்டு. நடையும் டிரோபோனினை ஏற்றும்.

நெதர்லாந்தின் நைமேகனில் ஆண்டுதோறும் பெரிய நெடுநடை நடக்கும். அங்கே 30 முதல் 55 கிலோமீட்டர் நடந்த 725 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. நடை முடிந்ததும் சுமார் 9 சதவீதம் பேருக்கு டிரோபோனின் வரம்பைத் தாண்டியது. அடுத்த சில ஆண்டுகளில் இவர்களில் 27 சதவீதம் பேருக்கு மரணமோ பெரிய இதயப் பாதிப்போ நேர்ந்தது. தாண்டாதவர்களில் அது 7 சதவீதம்தான். நடைதான் அவர்களைக் கெடுத்தது என்று இதற்குப் பொருள் இல்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த நோயை நடை வெளியே காட்டியிருக்கலாம். எனக்கு இந்த ஆய்வுதான் பெரிதாகப் படுகிறது. "ஓடினால் ஏறத்தான் செய்யும், விடு" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்று இது காட்டிவிட்டது.

டிரோபோனினைப் போலவே, இதயத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு பொருள் என்டி-புரோபிஎன்பி. இதய அறைச் சுவர் இழுபடும்போது சுரப்பது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் அதுவும் ஏறி இறங்கும்.

[காட்சி: நத்தம் சாலையோரம் இளைப்பாறும் பயணிகள்.]

தொந்தரவே இல்லாதவர் ஓடி முடித்த கையோடு இந்தச் சோதனையைத் தேடிப்போக வேண்டாம். ஆனால் வழியில் நெஞ்சு இறுக்கமோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால், ஐயாவோ ஆச்சியோ, "நடந்த அசதிதான்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் எத்தனை கிலோமீட்டர் நடந்தார், எத்தனை மணிக்கு நின்றார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் வரும் எண்ணை அந்த நேரத்தோடு சேர்த்துத்தான் அவர் படிப்பார்.