கட்டளையும் உண்டியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். 31 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்பது ஊரில் நாலு பேருக்குத் தெரியும். அதனால் ஏரி காக்கப் பாடுபடும் சில இளைஞர்களும், ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வன உரிமைக்காக மனு எழுதும் ஒரு சிறு குழுவும் வரவு செலவு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு மக்கள் போராட்டத்தில் பணம் எங்கே செலவாகிறது, எந்த இடத்தில் போதாமல் வேலை நின்றுபோகிறது என்பதை அந்த நோட்டின் வழியாகப் பார்த்து வருகிறேன். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சேலத்துக்காரர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் தெருவுக்குத் தெரு கூழும் அன்னதானமும். சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், ஆஸ்பத்திரிக்குக் கட்டில். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஏரியில் கட்டடக் கழிவு கொட்டுவதை நிறுத்தச் சொல்லி மூன்று வருடமாக மனு கொடுக்கும் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. "அது பிரச்சினை பிடித்த வேலைங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வங்கி வேலையில் இருந்தவரை இந்த மாதிரிக் கூட்டம் நடக்கும் பக்கமே நான் போனதில்லை.

கோயிலுக்குக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டளை. இந்த நாளில், இந்தப் பூஜைக்கு, இன்னார் பெயரில் என்று எழுதிவைத்துக் கொடுப்பது. இன்னொன்று உண்டியல். போட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். விளக்குக்கு எண்ணெய் வாங்குவார்களா, மடைப்பள்ளிக்கு விறகு வாங்குவார்களா என்று கேட்பதில்லை. நம் ஊரில் சமூக வேலைக்கு வரும் பணம் ஏறக்குறைய எல்லாமே கட்டளைப் பணம். 'கட்டளை' என்ற சொல்லுக்கு உத்தரவு என்றும் ஒரு பொருள் இருக்கிறதல்லவா, அந்தப் பொருளும் பணத்தோடு கூடவே வந்துவிடுகிறது. போராடும் மக்களுக்குத் தேவைப்படுவது உண்டியல் பணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? மலைக்கு மேலே போய்ப் பார்க்கலாம்.

சேர்வராயன் மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ்தான். 2006ல் வந்த வன உரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தின் மீதும், காட்டின் மகசூல் மீதும், நீர்நிலை, மேய்ச்சல் நிலம் மீதும் உரிமை உண்டு என்கிறது. வழக்குகளால் தமிழ்நாட்டில் பல வருடம் பட்டா கொடுப்பது தள்ளிப்போனது. இப்போது வழி இருக்கிறது. ஆனால் மனு கிராம சபையில் தொடங்க வேண்டும். அந்தக் கிராம சபைக்கு உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி.

நல்ல விதி. ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஊரில் பாதிப் பேர் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டுமென்றால், அத்தனை பேருக்கும் அன்றைய எஸ்டேட் கூலி போய்விடும். கணவன், மனைவி இருவரும் வந்தால் அந்த வீட்டில் அன்று வருமானமே கிடையாது. அப்புறம் காட்டு எல்லையைச் சுற்றி நடந்து வரைபடம் போட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சட்டம் சான்றாக ஏற்கிறது. அதனால் எங்கே பழைய களம் இருந்தது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஊற்று இருக்கிறது என்று தெரிந்த ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு முழங்கால் வலி. பாதி வழிக்கு ஜீப் பிடித்தோம், மீதி தூரத்துக்கு இரண்டு பையன்கள் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் போனதும் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு, அவரே முன்னால் போய்ச் சருகை விலக்கிக் காட்டினார். தண்ணீர் இருந்தது.

அந்த மாதத்துக்கு என் நோட்டில் இருந்த செலவு இது: ஜீப் வாடகை, ஜெராக்ஸ், டீ, பன், தகவல் உரிமை மனு ஒன்றுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அந்த மனுவுக்குக் கிடைத்த நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துபோன பஸ் செலவு, கூலியை விட்டுவிட்டு வந்த சில பெண்களுக்குக் கொடுத்த அரை நாள் ஈடு. இதில் எந்த வரியையாவது போட்டோ எடுத்து மாட்ட முடியுமா? டீயை யாருடைய உபயம் என்று எழுதிவைப்பது? ஆனால் இதில் ஒரு வரி விட்டுப்போனாலும் அந்த மனு கீழே வந்து சேர்ந்திருக்காது.

அந்தச் சமயத்தில் ஒரு நிறுவனம் உதவ முன்வந்தது. பெரிய தொகை. ஆனால் அதை மரக்கன்றுக்கும் பனியனுக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்றார்கள். அறிக்கையில் 'உரிமை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விழிப்புணர்வு' என்று போடச் சொன்னார்கள். குழுவில் இரண்டு நாள் பேசினோம். வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான், ஏனென்றால் கையிருப்பு என்ன என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண் கேட்டார்: "கன்று நட்டா நிலம் எங்களுதுன்னு ஆயிடுமாங்கய்யா?" அந்தப் பணத்தை நாங்கள் வாங்கவில்லை. அன்று நான் சொன்னது தவறு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கம்பெனிப் பணத்துக்குச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்கு என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. பள்ளி, சுகாதாரம், மரம் நடுதல் எல்லாம் அதில் சுலபமாக இடம்பெறும். கேள்வி கேட்கும் மக்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டு உதவியும் இப்போது எளிதல்ல. 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகு, அந்தப் பணத்தைப் பெறும் பெரிய அமைப்பு அதை ஒரு சிறு குழுவுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. மலையில் இருக்கிற குழுவுக்கு மிச்சம் இருப்பது உள்ளூர்க்காரர்களின் சட்டைப்பைதான்.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் ஜில்லாவில் இது முன்பே நடந்திருக்கிறது. 1925ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அன்றைக்கு அது சேலம் ஜில்லா. அதற்கு நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர். அங்கே கதர் வேலை நடந்தது, தீண்டாமைக்கு எதிரான வேலை நடந்தது, ஊர் ஊராகப் போய்க் குடிக்கு எதிரான பிரச்சாரமும் நடந்தது. மதுவிலக்கைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. 1937ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார், முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள். அந்த வருடம் அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். இடையில் 12 வருடம். நிலத்தைக் கொடுத்த அன்றைக்கு, இது ஒரு சட்டத்தில் போய் முடியும் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்திருக்க முடியாது. இன்று நாங்கள் உதவி கேட்டுப் போனால் வருகிற முதல் கேள்வி, "ஆறு மாசத்துல என்ன ரிசல்ட் காட்டுவீங்க?"

மூக்கனேரியையும் சொல்ல வேண்டும். 2010ல் கன்னங்குறிச்சியில் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் பொதுமக்களின் பணத்தையும் உழைப்பையும் திரட்டி அந்த ஏரியைத் தூர்வாரியது. எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. சேலத்துக்காரர்கள் ஏரிக்காகப் பணம் போடுவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. என் அனுபவத்தில், தூர்வாரும் வேலைக்கு வசூல் சுலபமாக நடக்கிறது. கண்முன்னே ஜேசிபி ஓடுகிறது, மண் வெளியே வருகிறது. அடுத்த வருடம் அந்த ஏரிக்குள் வரும் சாக்கடையை நிறுத்தச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிற பையனுக்கு பெட்ரோல் செலவு கேட்டால் கூட்டம் கரைந்துவிடுகிறது.

எட்டுவழிச் சாலை வழக்கை நினைத்துப் பாருங்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 2018ல் அறிவித்தார்கள். நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகளுக்குச் சாதகமாக 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றிவிட்டது. சாலை தேவையா இல்லையா என்பது பற்றி நேயர்களுக்குப் பல கருத்து இருக்கலாம். அரை ஏக்கர் தென்னையும் ஒரு கிணறும் வைத்திருப்பவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் தன் வாதத்தைக் கொண்டுபோக என்ன செலவாகும் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். ரயில் டிக்கெட், வக்கீல் ஃபீஸ், ஆவண நகல், ஊரில் இல்லாத நாளில் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். எதிர்ப்பக்கம் அரசாங்கத்தின் வக்கீல்கள். தன் வாதத்தைச் சொல்லவே முடியாமல் ஒருவர் தோற்பதற்கும், சொல்லிவிட்டுத் தோற்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது. முதல் நிலைமை வராமல் தடுக்க வெளியில் இருக்கும் நம்மால் முடியும்.

வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் மான்ட்காமரி என்ற ஊரில் கறுப்பின மக்கள், பேருந்தில் இருந்த இனப்பிரிவினையை எதிர்த்து, 1955 டிசம்பரிலிருந்து 381 நாள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. வேலைக்குப் போக அவர்களே கார் ஏற்பாடு செய்தார்கள். கார் என்றால் பெட்ரோல் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்கார அம்மா, சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சாப்பாடும் செய்து விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். தங்கள் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'எங்கிருந்தோ வந்த சங்கம்'. யார் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் கொடுத்தவர் வேலை போய்விடும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'எங்கிருந்தோ' என்பதே பதில்.

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர், தனக்கு வந்த பரம்பரைச் சொத்தை வைத்து 1922ல் ஒரு நிதி தொடங்கக் காரணமாக இருந்தார். அந்த நிதி, கறுப்பின மக்களுக்கான உரிமைச் சங்கத்தின் வழக்கு வேலைக்கு ஆரம்ப பலம் கொடுத்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் வருடத் தீர்ப்புக்குப் போன பாதையில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் கொடுத்தவர்கள் கல்வி பக்கம் சாய்ந்ததால், கும்பல் கொலைகளுக்கு எதிராக அந்தச் சங்கம் செய்துவந்த வேலை பின்னுக்குப் போய்விட்டது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த பணமும் அப்படி இழுக்கும். எது முதலில், எது பிறகு என்பதை வலியை அனுபவிப்பவர்கள் முடிவு செய்ய வேண்டும். கொடுப்பவருக்குக் கருத்து இருக்கலாம், சொல்லலாம். காசோலையின் பின்னால் எழுதிக்கொடுக்கக் கூடாது.

"அப்படியென்றால் கணக்கே கேட்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ராஜஸ்தானில் 1990ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்று அரசாங்கத்தைக் கேட்டது. 1996ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். சுற்றுவட்டார மக்கள் தானியமும் காய்கறியும் காசும் கொடுத்துத் தாங்கினார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005ல் வந்ததற்கு அந்த மாதிரி நாட்கள் காரணம். ஊரார் கணக்கைக் கேட்டவர்கள் தங்கள் கணக்கையும் ஊர் முன்னால் திறந்து வைத்தார்கள். நாங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைக் கிராமத்தில் வாசித்துவிடுகிறோம். கொடுத்தவருக்கு ஒரு நகல் போகும். ஆனால் அதை முதலில் கேட்பவர்கள் மலைக்காரர்கள். ஒருமுறை டீ கணக்கில் இருந்த தப்பைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். 60 ரூபாய். கூட்டியது நான்தான்.

வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்றிதழ் எங்கள் மாதிரிக் குழுக்களிடம் இருக்காது. கேட்டுவிட்டு இல்லை என்றதும் நிறையப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுப்பதற்குப் பணம் மட்டும்தான் வழி என்றும் இல்லை. அச்சகம் வைத்திருப்பவர் துண்டறிக்கை அடித்துக் கொடுக்கலாம். வக்கீல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வரலாம். கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்தம் இல்லாத நாளில் கூட்டத்துக்கு இடம் தரலாம். மாதம் 200, 300 என்று நிறுத்தாமல் கொடுக்கும் இருபது பேர் கிடைத்தால், ஒரே நாளில் ஒரு லட்சம் கொடுத்துவிட்டு மறக்கிறவரைவிட அது பெரிய பலம். அடுத்த மாதம் ஜீப்புக்குக் காசு இருக்கும் என்று தெரிந்தால்தான் ஒரு பாட்டியிடம், "வாங்க, எல்லையைக் காட்டுங்க" என்று கேட்க முடியும்.

சிவதாபுரம் பக்கம் ஒருவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். சின்னப் பட்டறைதான், அவரும் இன்னும் இரண்டு பேரும். வெள்ளி விலை ஏறினாலும் இறங்கினாலும் மாத முதல் சனிக்கிழமை 300 ரூபாய் எடுத்து வைத்திருப்பார். ரசீது கொடுத்தால் வாங்கிச் சுவர் ஆணியில் குத்திவிடுவார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் விசாரித்ததில்லை. போன மாதம் முதல்முறையாக ஒன்று கேட்டார்: "அந்தப் பாட்டி காட்டின ஊத்து, படத்துல ஏறிடுச்சுங்களா?"

ஏறிவிட்டது, மனு இப்போது கோட்ட அளவிலான குழுவில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் ஆகுமோ என்றேன்.

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதத்துப் பணத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார்.

நன்றி, வணக்கம்.